வால்வு மாற்றப்பட்டவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நெஞ்சுக்குள் இருக்கிற வால்வுகள் நான்கும் நான் பிறந்தபோது கூடவே வந்தவை. அவற்றை எந்த டொக்டரும் மாற்றவில்லை. நானும் மாற்றவில்லை. இப்படி ஒரு வாக்குமூலம் கொடுக்கிற நிலைமை ஒரு மனுசனுக்கு வரக்கூடாது, ஆனால் எனக்கு வந்தது. மூன்று கிழமையாகக் கண்டவர் நின்றவர் எல்லோரிடமும் இதையே சொல்லிச் சொல்லி என் வாய் அலுத்துப்போனது.

நான் திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஒன்றின் எஞ்சின் அறையில் வேலை செய்கிறவன். பெரிய கப்பல் வந்தால் அதைத் தள்ளியும் இழுத்தும் துறைமேடைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற சின்னப் படகு அது, நாங்கள் டக் என்போம். அதன் வயிற்றுக்குள் பத்தொன்பது வருசம் நின்றிருக்கிறேன். சத்தம், சூடு, எண்ணெய் மணம் என்று மற்றவர்கள் முகம் சுளிக்கிற எல்லாம் எனக்குச் சுகம். வேலை முடிந்து உவர்மலையில் இருக்கிற வீட்டுக்கு வந்தால் அங்கே எனக்கு இன்னொரு எஞ்சின் இருக்கிறது: வால்வு அம்ப்ளிபயர். கண்ணாடிக் குமிழுக்குள் செம்மஞ்சளாக எரிந்துகொண்டு பாட்டைப் பெருக்கித் தருகிற பழைய வகை. கைபேசியிலேயே பாட்டுக் கேட்கலாமே, ஏன் இந்த வில்லங்கம் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கோபம்தான் இருக்கிறது.

வில்லங்கம் இல்லாமலும் இல்லை. இந்த வால்வுகளுக்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். கிட்டத்தட்ட முந்நூறு வோல்ட், அதுவும் நேரோட்டமாக. அதற்கென்று சுற்றிய ட்ரான்ஸ்போமர் இப்போது கடைகளில் இல்லை. கிண்ணியாவில் பழைய ரேடியோச் சாமான் விற்கிற, பழுதான வால்வுக்கு மாற்று வால்வும் தந்த என் நண்பர் ஒருவர் இருக்கிறார். கொழும்பில் சொல்லிச் சுற்றுவிக்கலாம், இரண்டு மாதம் பொறுங்கோ என்றார். பொறுக்கிற சாதியில் நான் பிறக்கவில்லை. டபுளர் போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டபுளர் என்றால் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்குகிற தொடுப்பு. வீட்டுக்கு வருகிற மின்சாரம் ஆடலோட்டம், ஒரு தரம் மேலே போகும், ஒரு தரம் கீழே வரும். மேலே போகும்போது, ஒரு பக்கம் மட்டும் ஓடவிடுகிற ஒரு டயோட் வழியாக, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற ஒரு கொண்டென்சர் நிரம்பும். கீழே வரும்போது மற்ற டயோட் வழியாக மற்றக் கொண்டென்சர் நிரம்பும். ஒருவன் தோளில் ஒருவன் ஏறி நிற்கிற மாதிரி இரண்டையும் தொடுத்துவிட்டு, கீழே நிற்கிறவனுடைய காலிலிருந்து மேலே நிற்கிறவனுடைய தலை வரை அளந்தால் இரண்டு மடங்கு. நூறு வோல்ட் கொடுத்தால் ஒவ்வொருவனும் உச்சியைப் பிடித்து நூற்று நாற்பது வைத்திருப்பான். இரண்டும் சேர்ந்தால் இருநூற்றெண்பது. இதைச் சோறு தின்னும்போதும், தேத்தண்ணி குடிக்கும்போதும், சல்லி ஊரில் இருக்கிற மாமியார் வீட்டுக்குப் போகிற பஸ்ஸிலும் என் மனைவிக்கு எத்தனையோ தடவை விளங்கப்படுத்தியிருக்கிறேன். அவள் "ம்" என்பாள். அவளுக்கு ஒன்றும் ஏறவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நூறு வோல்ட்டுக்கு எங்கே போவது? அது வீட்டிலேயே இருந்தது. மனைவியின் தையல் மெஷின் ஜப்பானில் பாவித்து இங்கே வந்தது. அந்த நாட்டில் வீட்டு மின்சாரமே நூறு வோல்ட்தான் என்றபடியால், எங்கள் இருநூற்றுமுப்பதை நூறாகக் குறைக்கிற ஒரு இரும்புப் பெட்டியும் மெஷினோடு வந்தது. அதை எடுத்தேன். அது என்ர பெட்டி என்றாள். இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். அது நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இனிமேல் வருவது என் மடத்தனம், அதை ஒளிக்கப்போவதில்லை. நல்ல ட்ரான்ஸ்போமரில் இரண்டு சுருள் இருக்கும். வீட்டு மின்சாரம் ஒன்றில் ஓடும், நமக்கு வேண்டியது மற்றதில் பிறக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. சில மலிவுப் பெட்டிகளில் ஒரே சுருள்தான், அதன் நடுவிலிருந்து ஒரு கம்பியை வெளியே எடுத்திருப்பார்கள். தையல் மெஷினுக்கு அது போதும். டபுளருக்குக் கொடுத்தால் அம்ப்ளிபயரின் தகரம் முழுக்க உயிர் மின்சாரம். பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு சுருளா இரண்டு சுருளா என்று தெரிந்திருக்கும். நாலு ஸ்குறூதான். பத்தொன்பது வருச எஞ்சின்காரன் நாலு ஸ்குறூவைக் கழற்றப் பஞ்சிப்பட்டேன்.

குசினி மேசையில் வைத்து பிளக்கைக் குத்தினேன். மின்சாரம் கசிந்தால் தானாக விழுகிற வீட்டு ட்ரிப் ஸ்விட்ச் விழுந்தது. தூக்கினேன், திரும்ப விழுந்தது. மூன்றாம் தரமும் விழுந்தபோது அதைத் தூஷணத்தால் ஏசிவிட்டு, அம்ப்ளிபயரின் ஏர்த் வயரைக் கழற்றினேன். பிறகு ட்ரிப் விழவில்லை. வால்வுகள் எரிந்தன, மீட்டர் இருநூற்றெண்பது காட்டியது, பாட்டு வந்தது. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

அன்று சனிக்கிழமை காலை. மனைவி குசினி நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரத்தில் செருப்போடு மிதித்தால் பேச்சு விழும் என்று செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன். ஒரு பக்கமாகத் தள்ளி அரக்கி வைப்போம் என்று இரண்டு கையாலும் அம்ப்ளிபயரைப் பிடித்தேன். எங்கள் ட்ரிப் பழைய ட்ரிப். வயருக்குள்ளால் ஓடினால் உடனே விழும், மனுசனுக்குள்ளால் ஓடினால் யோசிக்கும். அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை. மனைவி நிலம் கூட்டுகிற தும்புத்தடியின் மரப் பிடியால் என் கையை அடித்து விடுவித்தாள் என்று பிறகு அறிந்தேன்.

கண் திறந்தபோது ஓட்டோவுக்குள் இருந்தேன். ஓட்டோக்காரர் நேர் வீதியை விட்டுவிட்டுக் கடற்கரைப் பக்கத்தால் சுற்றிக்கொண்டு போனார். ஏன் ஐசே சுற்றுகிறீர் என்று கேட்டேன். நேர் வீதியில் குழாய்க்குக் கிண்டியிருக்கிறது என்றார். நான் நேற்றுத்தான் அந்த வழியால் வந்தேன் என்றேன். ஆசுபத்திரி வாசல் வரை இந்தச் சண்டை நடந்தது. மனைவி என் சேர்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாசலில், எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று மதிலோரமாக நின்று வாழைப்பழத் தோல் தின்றது. அதுவும் விலகவில்லை என்று அதையும் ஏசினேன்.

மனைவி இறங்கி ஓடி உள்ளே ஒரு நேர்ஸிடம் ஏதோ சொன்னாள். அடுத்த நிமிசம் தள்ளுவண்டில் ஒன்று பறந்து வந்தது. நான் நடப்பேன் என்று சொல்லச் சொல்ல என்னைப் படுக்கவைத்து, சேர்ட்டைத் திறந்து, வயர்களை ஒட்டி, வாயில் மூச்சுக்காற்று மூடியைப் போட்டார்கள். அந்த மூடியோடு ஒன்றும் கதைக்க ஏலாது. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் டொக்டர் மனைவியை விசாரிப்பது எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஏற்கெனவே என்ன வருத்தம்?"

"வால்வு."

"எந்த வால்வு?"

"வெளியில அனுப்புற பக்கத்து வால்வு. அதுதான் பழுதாப்போனது. போன மாசம் மாத்தினது."

"எங்க மாத்தினது?"

"வீட்டில."



"ஆர் மாத்தினது?"

"இவர்தான்."

"என்ன மாதிரி வால்வு அது?"

"ரஷ்யாவில செய்தது. பழசு, ஆனா பாவிக்காதது."

"இவருக்கு அழுத்தம் எவ்வளவு இருக்கும்?"

"ரெட்டிப்பாக்கினாப் பிறகு, இருநூற்றெண்பது."

நான் படுக்கையில் கிடந்து துடித்தேன். மூடிக்குள்ளிருந்து கத்தினேன், ஊஊ என்றுதான் வந்தது. அது டபுளர், அது அம்ப்ளிபயர் என்று காட்டுவதற்காக ஒரு கைமுட்டியின் மேல் மற்றக் கைமுட்டியை ஏற்றி வைத்துக் காட்டினேன். நேர்ஸ் என் இரண்டு கைகளையும் பிடித்து இறக்கி, நெஞ்சுக்குள் அடைக்கிறதா ஐயா என்று அன்பாகக் கேட்டாள். நெஞ்சில் தையல் அடையாளத்தைக் காணவில்லையே என்று ஒருவர் சொன்னார். இப்போது தொடைக்குள்ளாலும் செய்கிறார்கள் என்று மற்றவர் சொன்னார். மனுசி பயத்தில் தடுமாறுகிறாள் என்று எண்ணியோ என்னவோ, அந்த இளம் டொக்டர் தனக்கு விளங்கியதை மட்டும் எழுதிக்கொண்டார்.

இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூடியைக் கழற்றிய பிறகு எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன், அது பாட்டுப் பெட்டி வால்வு என்று. ஓம் ஐயா, படுங்கோ என்றார்கள். ஷொக் அடித்த ஆள் எதையும் சொல்வான் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். வீட்டுக்கு விடும்போது தந்த அட்டையை நான் வாசிக்கவில்லை. திங்கட்கிழமை லீவுக்காக அதைத் துறைமுக அலுவலகத்தில் கொடுத்தேன். கிளாக்கர் வாசித்தார். அட்டையில் ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்தது. தமிழில் சொன்னால்: வால்வு மாற்றப்பட்டவர்.

வால்வு மாற்றிய ஆள் எஞ்சின் அறைக்குள் இறங்க ஏலாது, அது சட்டம் என்றார் கிளாக்கர். மூன்று கிழமையில் மருத்துவச் சபை கூடும், அதற்குள் இந்த அட்டையைத் திருத்திக்கொண்டு வந்தால் சரி, வராவிட்டால் சுகயீனத்தின் பேரில் ஓய்வு. அதுவரை கயிற்று ஸ்டோரில் கதிரையில் இருந்து கயிறு எண்ணுகிற வேலை. அவர் நல்ல மனுசன், இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பயம் பிடித்தது. கயிறு எண்ணிக்கொண்டு, யன்னலால் என் டக் வேறொருவன் கையில் புகை விட்டுக்கொண்டு போவதைப் பார்த்தேன். புகையின் நிறத்தைப் பார்த்தே இரண்டாம் சிலிண்டரில் பிழை என்று எனக்குத் தெரிந்தது. சொல்லப் போனேன். அண்ணை, நீங்கள் படியில ஏறாதேங்கோ என்று தடுத்துவிட்டார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? சனம் திராட்சையோடும் பால்மாப் பெட்டியோடும் வந்தது. மனைவியின் ஆட்கள் சல்லி முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டு, என்னையும் காவடி எடுக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் வந்து சுற்றி நின்று செபம் சொன்னது. எனக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொன்னதும், மனத்தைரியமான ஆள் என்று ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக என் கிண்ணியா நண்பர். துறைமுக வாசல் தேத்தண்ணிக் கடையில் என்னைப் பற்றிக் கதை வந்திருக்கிறது. அவர் பெருமையோடு நெஞ்சைத் தட்டி, அந்த வால்வைக் குடுத்தது நான்தான், ஒண்டுக்கு ரெண்டாக் குடுத்தனான், மற்றது அவற்ர அலுமாரியில ஸ்பெயராக் கிடக்கு என்று சொல்லிவிட்டார். கிளாக்கர் அந்தக் கடையில்தான் தேத்தண்ணி குடிப்பவர்.

அட்டையைத் திருத்த ஆசுபத்திரிக்குப் போனேன். எழுதியதைச் சும்மா வெட்ட ஏலாது, படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். நியாயம்தான். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். முடிவில் எழுதியிருந்தது: மாற்றிய வால்வு தென்படவில்லை. நான் சந்தோசமாக அதைக் கொண்டுபோய்க் கிளாக்கரிடம் நீட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"முந்தி நீங்கள் வால்வு மாத்தின ஆள். இப்ப, மாத்தின வால்வைத் துலைச்ச ஆள்."

அன்று வீட்டுக்கு வந்து மனைவியை ஏசினேன். இருபத்தாறு வருசம் ஒரு மனுசனோடு குடும்பம் நடத்திவிட்டு, நெஞ்சு வால்வுக்கும் அம்ப்ளிபயர் வால்வுக்கும் வித்தியாசம் தெரியாதா என்றேன். உம்மட வாயாலதான் என்ர வேலை போகப்போகுது என்றேன். இன்னும் சொன்னேன், எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் வெட்டி முடித்துக் கையைக் கழுவினாள்.

கடைசிக் கிழமையில் இதய கிளினிக்குக்கு நாள் கிடைத்தது. விபரம் சொன்ன ஆளையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். இந்தமுறை நான் ஆயத்தமாகத்தான் போனேன். அம்ப்ளிபயரை ஒரு அரிசிப் பைக்குள் வைத்துத் தூக்கினேன். ட்ரான்ஸ்போமரை மாற்றியிருந்தேன். கிண்ணியா நண்பர் தன் வாய்க்குப் பிராயச்சித்தமாகத் தந்த பெட்டி அது. நாலு ஸ்குறூவையும் கழற்றி இரண்டு சுருள் இருப்பதைக் கண்ணால் கண்ட பிறகுதான் பூட்டினேன். ஏர்த் வயரும் போட்டேன். போகும் வழியில் மனைவிக்குப் பாடம் எடுத்தேன்: இது குமிழ் வால்வு, அது தசை வால்வு, டொக்டர் கேட்டால் மாறிச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவள் "ம்" என்றாள்.

இதய டொக்டர் ஐம்பது வயதுப் பெண். என் கதையைப் பொறுமையாகக் கேட்டார். நான் சுவர் பிளக்கில் அம்ப்ளிபயரைக் குத்தினேன். வால்வுகள் எரிந்தன. வெளியே வாங்கில்களில் இருந்த நோயாளிகள் கழுத்தை நீட்டினார்கள். ஒரு நெஞ்சுப்படத் தாளின் பின்பக்கத்தில் இரண்டு டயோட், இரண்டு கொண்டென்சர் கீறி, ஒருவன் தோளில் ஒருவன் நிற்பதைக் காட்டினேன். இருநூற்றெண்பது எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குழாயை எடுத்து முதலில் என் நெஞ்சில் வைத்துக் கேட்டார். பிறகு ஸ்கேன் பெட்டியாலும் நெஞ்சைப் பார்த்தார். உங்கள் வால்வு நான்கும் புதுசு மாதிரி இருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் பேனாவை எடுக்கவில்லை.

அட்டையில் இருப்பது நீங்கள் சொன்ன விபரம் இல்லை, உங்கள் மனைவி சொன்னது, அவர்தான் ஏன் அப்படிச் சொன்னார் என்று சொல்ல வேண்டும் என்றார்.

மனைவி எழுந்து நின்றாள். இவரை ஒருக்கா வெளியில அனுப்புங்கோ டொக்டர் என்றாள். நான் போகமாட்டேன் என்றேன். இது என் வால்வு, என் வேலை, நான் நிற்பேன் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டொக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்கு எந்த வால்வெண்டு தெரியும். இருபத்தாறு வருசமா இந்த வால்வுக் கதைதான் கேக்கிறன். நான் மாறிச் சொல்லேல்லை. அண்டைக்கு விழுந்த உடன இவருக்கு மூச்சு இல்லை, டொக்டர். உதடு நீலம். பிறகு ஓட்டோவில ஏத்தினாப் பிறகு எழும்பி இருந்து ஓட்டோக்காரரோட சண்டை. சண்டை பிடிச்சுக்கொண்டு வாற மனுசனை ஆர் டொக்டர் உடன உள்ளுக்கு எடுப்பினம்? வாங்கில இருத்தி நம்பர் குடுப்பினம் எண்டு பயந்தனான். திரும்ப மூச்சு நிண்டா என்ன செய்யிறது? அதுதான் வால்வு எண்டு சொன்னன். மற்றக் கேள்வியளுக்குப் பொய் சொல்ல வரேல்லை. அம்ப்ளிபயருக்கு நடந்ததைத்தான் சொன்னனான்."

அறையில் அம்ப்ளிபயர் மட்டும் மெல்ல இரைந்தது. நான் அதை நிறுத்தினேன்.

இவ்வளவு நாளும் ஏன் இதைச் சொல்லவில்லை என்று டொக்டர் கேட்டார். மூச்சு நின்ற ஆள் என்று எழுதினால் அதற்கும் வேலை போகுமோ என்று பயம் என்றாள். அதோடு, இவருக்குத் தெரிந்தால் இவர் பயந்துபோவார் என்றாள். டொக்டர் என் நெஞ்சுப்படத்தையும் ஸ்கேனையும் இன்னொரு தரம் முழுவதும் பார்த்தார். பிறகு அட்டையில் அந்த இரண்டு சொல்லையும் ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் ஒப்பம் வைத்து, மின் தாக்கம், முழுச் சுகம், எஞ்சின் வேலைக்குத் தடையில்லை என்று எழுதினார். எழுதிக்கொண்டே கேட்டார், அப்போது மூச்சு எப்படித் திரும்பி வந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நெஞ்சில குத்தினனான். ரெண்டு கையையும் பொத்திக் குத்தினனான். வைத்தியம் எண்டு தெரிஞ்சு குத்தேல்லை டொக்டர். கோவத்திலதான் குத்தினனான்."

"நல்ல இடத்திலதான் குத்தியிருக்கிறீங்கள்" என்றார் டொக்டர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அம்ப்ளிபயரை அரிசிப் பைக்குள் வைக்கிற சாட்டில் குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து மூன்று கிழமையாக நெஞ்சு நடுவில் எனக்கு ஒரு நோவு இருந்தது. விழும்போது மேசை விளிம்பு இடித்த நோவு என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு நாளும் நல்லெண்ணெய் சூடாக்கி வந்து, ஓம், மேசைதான் என்று சொல்லி, அதில் பூசிவிட்டது அவள்.